காணாக்கடி

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. பாத்திரக்கடையில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். வழக்கமா சினிமா, சாப்பாடு, பஸ் பயணம்னு மொக்கை போடுற ஆளு இன்னைக்கு ஏன் இந்த வேலையில இறங்கினான்னு கேட்டீங்கன்னா, போன ஞாயிற்றுக்கிழமை சொந்தத்தில் நடந்த ஒரு காதுகுத்துதான் காரணம். வயித்தெரிச்சல் இன்னும் அடங்கலை. (பந்தியில போட்ட சாம்பாரும் ஒரு காரணமா இருக்கலாம்.)

எனக்கு எதிர்வரிசையில் சித்தப்பா பேத்தி உட்கார்ந்திருந்தாள். பத்து வயசு. இலையில வெச்ச அப்பளத்தைக்கூடத் தொடாம முழங்காலுக்குக் கீழ சொறிஞ்சுக்கிட்டே இருந்தாள். பக்கத்துல இருந்த அத்தை பாவாடையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்துட்டு, "என்னடி இது, செவப்பு செவப்பா?"ன்னாங்க. அவ்வளவுதான். பந்தியே மருத்துவக் கல்லூரி ஆயிருச்சு.

"சூடுதான். வெந்தயத்தை ஊறவெச்சு வெறும் வயித்துல குடு." "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பேஞ்சிருக்கும்." "ரத்தம் கெட்டுப்போச்சு, கீழாநெல்லி அரைச்சுக் குடு." "கத்திரிக்கா குடுத்தியா?" "மெடிக்கல்ல கேட்டா அலர்ஜி மாத்திரை குடுப்பான், ஒரே நாள்ல போயிரும்." "ஆத்தாவா இருக்கப் போகுது, சும்மா இருங்க." கடைசியா எங்க பெரியப்பா, மோரை இலையில் ஊத்தச் சொல்லிட்டு, தீர்ப்பு மாதிரி சொன்னார்: "காணாக்கடிப்பா. நாளைக்குக் காலைல கூட்டிட்டு வாங்க, வேப்பிலை அடிச்சு விட்டா அமுங்கிரும்."

ரசம் வந்து மோர் வர்றதுக்குள்ள ஏழு நோய். வைத்தியமும் கையோட வந்தாச்சு. அதுல ஒருத்தர்கூட அந்தப் பிள்ளை காலைத் தொட்டுப் பார்க்கலை. ஒருத்தர்கூட அவகிட்ட, "எப்ப வந்துச்சு? காய்ச்சல் அடிச்சுச்சா? அரிக்குதா, எரியுதா?"ன்னு ஒரு கேள்வி கேட்கலை.

நான் கையைக் கழுவிட்டு வந்து கண்ணாடித் தம்ளர் கேட்டேன். இருந்தது எல்லாம் பேப்பர் கப்பு. சரின்னு என் மூக்குக்கண்ணாடியைக் கழட்டி அதோட கண்ணாடியை அந்தப் புள்ளிகள் மேல வெச்சு அழுத்தினேன். கண்ணாடி இல்லாம எனக்கு எதுவும் தெரியாதுங்கிறது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. "நீ பாரும்மா, செவப்பு மறையுதா, அப்படியே நிக்குதா?"ன்னு பிள்ளையோட அம்மாவைப் பார்க்கச் சொன்னேன். சில புள்ளி மறையுது, சிலதுல நடுவுல ஊசிமுனை அளவுக்கு மறையாம நிக்குதுன்னாங்க. "நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டுங்க, ரத்தத்துல தட்டணு எத்தனைன்னு ஒரு டெஸ்ட் எடுத்துருங்க"ன்னேன். "ஏப்பா நல்ல காரியத்துல வந்து ரத்தம் கித்தம்னு பேசுற"ன்னு பெரியப்பாவுக்குக் கோவம். "கணக்குப்பிள்ளை டாக்டராயிட்டாரு"ன்னு பின்னாடியிருந்து யாரோ சொல்ல, பந்தியே சிரிச்சுது. சண்டை போட்டுட்டுத்தான் வந்தேன்.

ஏன் அவ்வளவு ஆட்டம்னா, அதுக்கு 2018-ல நடந்த ஒரு கதை இருக்கு.

எங்க அக்கா திருமங்கலம் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கிட்டு இருந்தாங்க. காலைல பத்து மணிக்கு நின்னா ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் உட்காரணும். (கடையில நிக்கிறவங்களுக்கு உட்கார நாற்காலி கொடுக்கணும்னு தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2021-ல்தான்.) ஆவணி மாசம் ஒருநாள் கெண்டைக்காலில் சின்னச் சின்னப் புள்ளி. மிளகாய்ப்பொடியைத் தூவிவிட்ட மாதிரி இருந்துச்சாம். அரிப்பு இல்லை, வலி இல்லை, வீக்கம் இல்லை. பக்கத்து வீட்டு ஆச்சி பார்த்த உடனே சொல்லிட்டாங்க, காணாக்கடி. வேப்பிலை அடிச்சாச்சு. முட்டை, கருவாடு, கத்திரிக்காய் கட்.

நாலு நாள் கழிச்சு புள்ளி தொடைவரைக்கும் வந்திருச்சு. மெடிக்கலில் போய்க் காட்டினாங்க. கடைக்காரர் கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கத்துல இருந்தே எட்டிப் பார்த்துட்டு, "அலர்ஜிக்கா"ன்னு சொல்லி அஞ்சு மாத்திரையும் ஒரு ட்யூப் க்ரீமும் கொடுத்தார். நின்னு நின்னு கால் உளையுதுன்னு சொன்னதுக்கு வலி மாத்திரை தனியா பத்து. நான் சென்னையில இருந்தேன். போன்ல சொன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அலர்ஜியாத்தான் இருக்கும்க்கா, ரெண்டு நாள்ல போயிரும், மண்டையை உடைச்சுக்காத." இந்த வாக்கியத்தை எழுதவே எனக்கு இப்பவும் கை கூசுது.

பன்னெண்டாம் நாள் காலைல மச்சான் போன். அக்கா தலையணை பூரா ரத்தம். ஈறுல இருந்து கசிஞ்சு நிக்கவே இல்லை. அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அங்க ஒரு பயிற்சி டாக்டர் பொண்ணு, இருபத்து மூணு இருபத்து நாலு வயசுதான் இருக்கும், அக்கா கால்ல ஒரு புள்ளி மேல கட்டைவிரலை வெச்சு அழுத்தி எடுத்துப் பார்த்துச்சாம். புள்ளி அப்படியே இருந்துச்சு. உடனே அடுத்த கேள்வி: "அக்கா, மாசத் தீட்டு எத்தனை நாளா வருது?" அக்கா அழுதுட்டாங்க. அன்னையோட ஒன்பது நாள். வேப்பிலை அடிச்சவர்கிட்ட சொல்ல முடியுமா, மெடிக்கல்ல சொல்ல முடியுமா, தம்பிகிட்ட போன்ல சொல்ல முடியுமா? கேட்ட முதல் ஆள்கிட்ட சொன்னாங்க.

தட்டணு எண்ணிக்கை 8,000. சாதாரணமா ஒண்ணரை லட்சத்துல இருந்து நாலரை லட்சம் வரைக்கும் இருக்க வேண்டியது.

நம்ம உடம்புல எங்கேயாவது ரத்தக்குழாயில சின்னக் கசிவு வந்தா முதல்ல ஓடிப்போய் அடைக்கிறது இந்தத் தட்டணுதான். அது குறைஞ்சு போனா, மயிரிழை மாதிரி இருக்கிற நுண்குழாய்ல இருந்து ரத்தம் துளித்துளியா வெளியே வந்து தோலுக்கு அடியில தங்கிடும். கால்ல முதல்ல வர்றதுக்குக் காரணம், நிக்கும்போது ரத்தத்தோட அழுத்தம் அங்கதான் அதிகம். அக்கா பதினோரு மணி நேரம் நின்னாங்க இல்லையா. கொசுக்கடி, வேர்க்குரு, தடிப்பு இதுல எல்லாம் ரத்தம் குழாய்க்குள்ளேயேதான் இருக்கு, குழாய் விரிஞ்சிருக்கு. அழுத்தினா ரத்தம் நகர்ந்து இடம் வெளுக்கும், விட்டா திரும்பச் சிவக்கும். குழாயை விட்டு வெளியே வந்த ரத்தம் எங்க போகும்? அழுத்தினாலும் நிக்கும். மொத்த விஷயம் இதுதான் சாமிகளா! இதுக்கு மெஷின் வேண்டாம், எம்.பி.பி.எஸ். வேண்டாம். ஒரு கண்ணாடித் தம்ளர் போதும். பிரிட்டன்ல மூளைக்காய்ச்சலுக்காகத் தாய்மார்களுக்கு இதைச் சொல்லியே கொடுக்கிறாங்க: பிள்ளைக்குக் காய்ச்சலோட புள்ளி வந்தா தம்ளரை வெச்சு அழுத்து, மறையலைன்னா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதேன்னு. மறைஞ்சிருச்சுன்னா எல்லாம் சரின்னும் அர்த்தமில்லை, பிள்ளை துவண்டு கிடந்தா அப்பவும் தூக்கிட்டு ஓடணும். நமக்கு எத்தனை பாட்டி வைத்தியம் தெரியும், இது மட்டும் ஏன் தெரியலை?

இதுல கொடுமை, அந்த வலி மாத்திரை. மிச்சம் இருக்கிற கொஞ்சநஞ்சத் தட்டணுவையும் சரியா வேலை செய்ய விடாம பண்றது டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வகையறா. எரியிற வீட்டுல அணைக்க வந்த நாலு பேரையும் கட்டிப்போட்ட மாதிரி.

இப்ப வார்த்தைக்கு வர்றேன். என் சண்டை பெரியப்பாவோட இல்லை, இந்த வார்த்தையோடதான்.

காணாக்கடி. நினைச்சுப் பார்த்தா எவ்வளவு நேர்மையான வார்த்தை! ஏதோ கடிச்சிருக்கு, யாரும் காணலை. காரணம் தெரியலைங்கிறதைப் பெயர்லயே ஒத்துக்கிட்ட நோய். சித்த வைத்தியத்துல உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா எழும்புறதுக்கு இந்தப் பேர் உண்டு. அந்தக் காலத்துல கிராமத்தில் உட்கார்ந்து இப்படிப் பேர் வெச்சவங்களைக் குறை சொல்ல எனக்கு ஒண்ணும் இல்லை. அவங்ககிட்ட லேப் இல்லை. என் புகார் நம்ம மேல. கேள்வியா இருந்த வார்த்தையை நாம பதிலா மாத்திட்டோம். "என்னன்னு தெரியலை, காணாக்கடி"ங்கிறது ஒண்ணு. "ஒண்ணுமில்லை, காணாக்கடிதான்"ங்கிறது வேற ஒண்ணு.

படிச்சவங்க எல்லாம் சிரிக்காதீங்க. நீங்க சொல்ற அலர்ஜியும் அதே சரக்குதான், பேன்ட் சட்டை போட்டிருக்கு. 1906-ல வியன்னாவில் ஃபான் பிர்கேங்கிற குழந்தை மருத்துவர் உண்டாக்கின சொல் அது. வெளியிலிருந்து வர்ற ஒரு பொருளுக்கு உடம்பு மாறுபட்டு எதிர்வினை காட்டுறதைக் குறிக்க வெச்சார். அப்ப அலர்ஜின்னு சொன்னா, "எதுக்கு அலர்ஜி?"ங்கிறது அடுத்த கேள்வியா இருக்கணும் இல்லையா? நம்ம ஊர்ல யாராவது கேட்டுப் பார்த்திருக்கீங்களா? "சேராம போச்சு." எது? "ஏதோ." முடிஞ்சுது.

உண்மையான தடிப்புக்கே ஒரு சோதனை இருக்கு. பால்பாயிண்ட் பேனாவால ஒரு தடிப்பைச் சுத்தி வட்டம் போடுங்க. ஒரு நாளுக்குள்ள அந்த வட்டத்துக்குள்ள இருக்கிறது காணாமப் போய் வேற இடத்துல எழும்பினா அதுதான் அர்ட்டிகேரியா, நம்ம ஒரிஜினல் காணாக்கடி. ரெண்டு மூணு நாள் அதே வட்டத்துலயே உட்கார்ந்திருந்தா அது வேற ஆளு. அப்புறம் இந்தக் கத்திரிக்காய்ப் பழி. ஆறு வாரத்துக்கு மேல விட்டு விட்டு வர்ற தடிப்புல பெரும்பாலும் வெளிக்காரணமே கிடைக்காது, சாப்பாடு காரணமா இருக்கிறது அபூர்வம். அதுக்காக வருஷக்கணக்குல கத்திரிக்காய் சாப்பிடாம செத்துப்போன பெரியவங்களை நினைச்சா எனக்குத் துக்கமா இருக்கு. எண்ணெய்க் கத்திரிக்காய் சாப்பிடாம ஒரு வாழ்க்கையா!

அதே மாதிரி 'எட்டுக்கால் பூச்சி மூத்திரம்'. மழைக்காலத்துல ராத்திரி டியூப்லைட்டுக்கு வர்ற ஒரு வண்டு இருக்கு. எறும்பு மாதிரி ஒல்லியா, ஆரஞ்சும் கறுப்பும் கலந்து இருக்கும். பெடரஸ்னு பேரு. அது கடிக்கிறதும் இல்லை, மூத்திரம் பேயறதும் இல்லை. கழுத்துல ஊர்ந்தா நாம தூக்கத்துல நசுக்கித் தேய்க்கிறோம், அதோட உடம்புச்சாறு பட்டு அந்தக் கோட்டிலேயே தோல் வெந்து போகுது. ஊதி விரட்டிட்டு சோப்புப் போட்டுக் கழுவினா முடிஞ்சுது. பாவம் எட்டுக்கால் பூச்சி, பல தலைமுறையா பொய் வழக்குல உள்ள இருக்கு.

சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டேன், ஆனா அக்கி விஷயத்துல சிரிக்க முடியாது. எங்க பக்கம் இடுப்பைச் சுத்தியோ நெத்தியிலயோ ஒரே பக்கமா செவப்பாக் கிளம்பி கொப்புளம் போட்டா வேளார் வீட்டுல போய் காவியால எழுதிட்டு வருவாங்க. எழுதுறவர் மேல தப்பு இல்லை, மூணு நாள் எழுதி அனுப்புவார், கொப்புளம் தானா காயும். ஆனா அது சின்ன வயசுல வந்த சின்னம்மையோட வைரஸ், நரம்புக்குள்ள படுத்திருந்து எழுந்து வர்றது. அதுக்கான மாத்திரையை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் முழுப் பலன். மூணு நாள் எழுதினா எத்தனை மணி நேரம்? கணக்குப்பிள்ளை சொல்றேன், எழுபத்திரண்டு! கொப்புளம் காய்ஞ்சு மாசக்கணக்குல நரம்பு எரிச்சல்ல தூங்காம கிடந்த பெரியவங்களை எனக்குத் தெரியும். நெத்தியில வந்து கண்ணுக்கு இறங்கினா பார்வைக்கே ஆபத்து.

ட்யூப் க்ரீமுக்கு வருவோம். இதுல நானே குற்றவாளி. அக்கா கதைக்கு முன்னாடி, எனக்குத் தொடை இடுக்குல செவப்பா ஒரு வட்டம் வந்துச்சு. கூச்சம். மெடிக்கலுக்குப் போய் கூட்டம் குறையிற வரைக்கும் தெர்மாமீட்டர் விலையெல்லாம் விசாரிச்சுட்டு, கடைசியா மெதுவா சொன்னேன். ஒரு ட்யூப். பேர் சொல்ல மாட்டேன், உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுலயும் ஒண்ணு இருக்கும். ரெண்டு நாள்ல அரிப்பு நின்னுது, செவப்பு போச்சு. அடடா மருந்துன்னா இது! நிறுத்தினேன், திரும்ப வந்துச்சு, இன்னும் பெரிசா. திரும்பத் தடவினேன். இப்படியே அஞ்சு மாசம். தோல் டாக்டர்கிட்ட போனப்ப வட்டம் இடுப்பு வரைக்கும் வந்திருச்சு, தோல் பேப்பர் மாதிரி ஆகி வரி வரியா விழுந்திருச்சு. அந்த வரி இன்னும் இருக்கு.

அந்த ட்யூப்ல இருக்கிறது வீரியமான ஸ்டீராய்டு, கூட ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்ட்டிபயாட்டிக். எதா இருந்தாலும் ஏதோ ஒண்ணு கேட்கும்கிற பஞ்சாமிர்தத் தத்துவம். படர்தாமரை பூஞ்சையால வர்றது. செவப்பும் அரிப்பும் பூஞ்சையை எதிர்த்து நம்ம உடம்பு பண்ற சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திடும். வெளியே அமைதி, உள்ளே பூஞ்சைக்குக் கல்யாண விருந்து. இந்தியாவில் இப்ப சாதாரண மருந்துக்கு மசியாத ஒரு படர்தாமரைப் பூஞ்சை பரவிக் கிடக்கு. 2020-ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் அதுக்குப் பேர் வெச்சாங்க: ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. பேர்லயே இந்தியா! கோவில், கணிதம், யோகான்னு உலகத்துக்குக் கொடுத்த வரிசையில் இதையும் சேர்த்துக்கலாம். 2023-ல அமெரிக்காவில் நியூயார்க்கிலும் கண்டுபிடிச்சாச்சு. இந்த மாதிரி க்ரீம்களைக் கண்டபடி தடவினது இதுக்கு ஒரு முக்கியக் காரணம்னு தோல் மருத்துவர்கள் கத்திக்கிட்டு இருக்காங்க. 2018-ல மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேல்பூச்சுகளைச் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுன்னு விதியும் மாத்தியாச்சு. விதி அங்கே இருக்கு, ட்யூப் இங்கே கிடைக்குது.

உடனே சிலர் கிளம்புவீங்க, தெரியும். "எல்லாத்துக்கும் டாக்டர்கிட்ட ஓடு, டெஸ்ட் எடு, இங்கிலீஷ் மருந்துக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குறியா?" அப்படின்னு. இல்லைங்க. பெரும்பாலான செவப்புப் புள்ளி ஒண்ணும் இல்லாததுதான். வேர்க்குரு வரும், போகும். கொசு கடிக்கும், அமுங்கும். முப்பது நாப்பது வயசுக்கு மேல நெஞ்சுலயும் வயித்துலயும் குங்குமப் பொட்டு மாதிரி சின்னச் சின்னதா வந்து உட்காருமே, அது அழுத்தினாலும் சில சமயம் முழுசா மறையாது, ஆனா ஆயுசுக்கும் ஒண்ணும் பண்ணாது. இதுக்கெல்லாம் ஓட வேண்டாம். யாருக்கு ஓடணும், யாருக்கு வேண்டாம்னு பிரிக்கிறதுக்கு ஒரு நிமிஷம் பாருங்கன்னுதான் சொல்றேன்.

இன்னொரு கேள்வி இதைவிட நியாயமானது, மச்சானே கேட்டார்: "ஒரு நாள் கூலி போகும், டாக்டர் ஃபீஸு வேற, ஆஸ்பத்திரியில அரை நாள் க்யூ. மெடிக்கல்ல நாப்பது ரூபாயோட முடிஞ்சிரும். நாங்க என்ன பண்றது?" என்கிட்ட இதுக்குப் பளிச்சுன்னு பதில் இல்லை. ஒரு ரத்த எண்ணிக்கை டெஸ்ட் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், வெளியில சில நூறு ரூபாய்னு சொல்லலாம். லீவு போட்டா சம்பளம் வெட்டுற முதலாளியை அதைச் சொல்லி மாத்த முடியாது. அஞ்சு நிமிஷத்துல அம்பது பேரைப் பார்த்து எல்லாருக்கும் இடுப்புல ஒரு ஊசி போட்டு அனுப்புற தனியார் க்ளினிக்குகளும் இந்தக் கூத்துல பங்காளிதான். தட்டணு 8,000 இருக்கிற ஆளுக்குச் சதையில் ஊசி போட்டா உள்ளேயே ரத்தம் கட்டிக்கும். அக்கா தப்பிச்சது, அன்னைக்கு அந்தத் தெரு க்ளினிக் பூட்டியிருந்ததால.

மச்சானுக்கு நான் சொன்னது இதுதான்: க்யூவில நிக்கிறதுக்கு முன்னாடி வீட்டிலேயே அழுத்திப் பாருங்க. மறையாத புள்ளி புதுசு புதுசா வருதா, ஈறு, மூக்கு, தீட்டு எங்கேயாவது ரத்தம் அதிகமாப் போகுதா, அடி படாமலே கன்னிப்போன திட்டு தெரியுதா, காய்ச்சல் இருக்கா? இருந்தா அன்னைக்கே கிளம்பணும், கூலி போனாப் போகுது. டெங்கு சீசன்ல இன்னொண்ணு. காய்ச்சல் விட்ட ஒண்ணு ரெண்டு நாள்தான் அதுல மோசமான கட்டம். "காய்ச்சல் விட்ருச்சு, இப்ப புள்ளிதான் லேசா இருக்கு"ன்னு சந்தோஷப்படுற அதே நாள்ல வயித்து வலி, விடாத வாந்தி, தள்ளாட்டம் வந்தா உட்கார்ந்திருக்கக் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேற வலி மாத்திரை தொடவே கூடாது. அப்புறம் பனிக் காலத்துல காட்டு வேலைக்குப் போயிட்டு வந்து காய்ச்சல்ல விழுந்தவங்களுக்கு அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்கு அடியில தேடிப் பாருங்க. சிகரெட்டால சுட்ட மாதிரி வலியில்லாத ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தா அது ஸ்க்ரப் டைஃபஸா இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதா இருக்கிற ஒரு உண்ணிக்குஞ்சோட கடி. இதுதான் நிஜமான காணாக்கடி! வேலூர்ப் பக்கமெல்லாம் வருஷா வருஷம் பார்க்கிறாங்க. டாக்ஸிசைக்ளின்னு விலை குறைஞ்ச மாத்திரையில கேட்கும், விட்டா நுரையீரல், மூளை வரைக்கும் போகும். அந்தப் பொருக்கைத் துணியை விலக்கித் தேடணும், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து எட்டிப் பார்த்தா தெரியாது.

தெரியாதுன்னதும் இதையும் சொல்லணும். செவப்புப் புள்ளி செவப்புப் புள்ளின்னு இவ்வளவு நேரம் எழுதுறேன், ஆனா நம்ம தோல்ல செவப்பு எங்கே செவப்பா இருக்கு? எங்க அக்கா மாநிறம், அதனால தெரிஞ்சுது. என் நிறத்துக்கு வந்திருந்தா கறுப்பு மேல கருஞ்சிவப்பு, புளிக்கறை மாதிரி இருந்திருக்கும், யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. பாடப்புத்தகப் படங்கள் முக்கால்வாசி வெள்ளைத்தோல். லண்டன்ல மருத்துவம் படிச்சுக்கிட்டிருந்த மலோன் முக்வெண்டேங்கிற மாணவர் இதைக் கேட்டுக் கேட்டுப் பார்த்துட்டு, கறுத்த தோலில் அறிகுறிகள் எப்படி இருக்கும்னு 2020-ல ரெண்டு ஆசிரியர்களோட சேர்ந்து ஒரு கையேடே போட்டார். அதனால கறுத்தவங்க, அதாவது நாம, உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமைக்கு உள்பக்கம், வாயைத் திறந்து மேலண்ணம், இந்த இடத்துல எல்லாம் பார்க்கணும்.

அக்காவுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டா அடிப்பீங்க. ரத்தத்தை உருப்பெருக்கியில பார்த்தாங்க, ரத்தப் புற்று இல்லை. டெங்கு இல்லை, மஞ்சள் காமாலைக் கிருமி இல்லை, எச்.ஐ.வி. இல்லை, சாப்பிட்ட மாத்திரையெல்லாம் விசாரிச்சாங்க, மூட்டுவாத வகை நோய்களுக்கும் தேடினாங்க. எல்லாம் இல்லைன்னு ஆன பிறகு வந்த பேர் ஐ.டி.பி. உடம்போட காவல்காரனே தட்டணுவைத் திருடன்னு நினைச்சு அடிக்கிற நோய். ப்ரெட்னிசலோன் கொடுத்தாங்க. ஒரு வாரத்துல 60,000. ரெண்டு மாசத்துல லட்சம் தாண்டிருச்சு. முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, அதெல்லாம் தனிக்கதை. ப்ரெட்னிசலோனும் ஸ்டீராய்டுதான். மெடிக்கல்ல கொடுத்த ட்யூப்லயும் ஸ்டீராய்டுதான் இருந்துச்சு. மருந்துக் குடும்பம்கூடச் சரி பாருங்க! தடவினதுக்கும் தின்னதுக்கும் நடுவுல, ஒருத்தர் விரலை வெச்சு அழுத்திப் பார்த்தார்ங்கிறதுதான் வித்தியாசம்.

அந்த ஐ.டி.பி.ல இருக்கிற 'ஐ'க்கு அர்த்தம் என்னன்னு அந்தப் பயிற்சி டாக்டர்கிட்ட கேட்டேன். முன்னாடி 'இடியோபதிக்'னு வெச்சிருந்தாங்களாம். காரணம் தெரியாததுன்னு அர்த்தம். இப்ப எதிர்ப்பு சக்தியைக் குறிக்கிற வார்த்தையா மாத்திட்டாங்களாம். எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. "அப்ப நீங்களும் காணாக்கடின்னுதானே சொல்லிட்டு இருந்தீங்க?"ன்னேன். அந்தப் பொண்ணு கோவிச்சுக்கலை. "ஆமாண்ணே, ஆனா நாங்க தேடிப் பார்த்துட்டுச் சொன்னோம்"னுச்சு.

இனிமே பந்தியில யாராவது 'காணாக்கடி'ன்னு சொன்னா நான் கேட்கப்போற கேள்வி அது ஒண்ணுதான். தேடிப் பார்த்துட்டுச் சொல்றீங்களா, தேடாமச் சொல்றீங்களா? பதிவு எழுதுற மக்களே, உங்களையும் சேர்த்துத்தான். 'தோலில் தடிப்பா? இதோ ஐந்து எளிய குறிப்புகள்'னு குப்பைமேனியையும் மஞ்சளையும் அரைச்சுப் போடச் சொல்லி எழுதுறீங்களே, அதுல முதல் வரியா 'அழுத்திப் பாருங்க'ன்னு ஒண்ணு சேர்த்தா உங்க குப்பைமேனிக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது.

சித்தப்பா பேத்தி விஷயம். திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போயிருக்காங்க. தட்டணு மூணு லட்சத்துச் சொச்சம். டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "வீட்டுல நாய் வளர்க்கிறீங்களா?"ன்னு கேட்டிருக்கார். போன மாசம்தான் ஒரு நாய்க்குட்டி கொண்டு வந்தாங்களாம். தெள்ளுப்பூச்சி. கடிச்ச இடத்துல நடுவுல ஒரு சின்ன ரத்தப்புள்ளி நிக்கும், அதான் என் மூக்குக்கண்ணாடிக்கு மறையலை. நாய்க்குட்டிக்கு மருந்துக் குளியல், பிள்ளைக்கு அரிப்புக்கு ஒரு லோஷன், முடிஞ்சுது.

அன்னைக்கு ராத்திரியே பெரியப்பா போன் பண்ணிட்டார். "ஏப்பா, ஒரு தெள்ளுப்பூச்சிக்கா பந்தியில அந்த ஆட்டம் ஆடுன?"

"ஆமா பெரியப்பா"ன்னேன். "நீங்க சொன்ன மாதிரி கடிதான். ஆனா இப்ப கண்டாச்சு."

அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "எனக்கும் கெண்டைக்கால்ல ரெண்டு மூணு கிடக்குப்பா, பாக்கணும்"னார். வர்ற ஞாயிற்றுக்கிழமை கண்ணாடித் தம்ளரோட போறேன்.